கூட நில்லு, கங்கம்மா

வஃப்ரா, குவைத்
23 ஏப்ரல் 1995

தாட்சாயணிக்கு,

இங்கே நான் வெள்ளரிக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருக்கிறேன். அங்கே நீ பஞ்சாயத்துக்குச் சர்பஞ்ச் ஆகிவிட்டாய். இதை எனக்கு முதலில் சொல்லியிருக்க வேண்டியவள் நீ. சொன்னது என் தம்பி புருஷோத்தமன். நகரி எஸ்.டி.டி. பூத்திலிருந்து எங்கள் முதலாளி வீட்டுப் போனுக்குக் கூப்பிட்டு, "அண்ணே, அண்ணி கெலிச்சிடுச்சு! காலனியில பட்டாசு வெடிச்சிக்கினு கீறானுங்க" என்று கத்தினான். எதில் ஜெயித்தாள் என்று நான் கேட்க வேண்டியிருந்தது. பக்கத்தில் நின்ற முதலாளியின் மகன், வீட்டில் ஏதாவது சாவா என்று கேட்டான். என் முகம் அப்படி இருந்திருக்கிறது.

நான் ஏன் இந்தப் பாலைவனத்துக்கு வந்தேன் என்று உனக்குத் தெரியும். சர்க்கார் கொடுத்த அந்த இரண்டு ஏக்கர் பட்டா நிலம் முள்ளும் கல்லுமாகக் கிடந்தது. அதைக் கழனியாக்க வேண்டும். நம் வகையறாவில் அடுத்தவன் கழனியில் நடவு நட்டவர்கள்தான் உண்டு. சொந்தக் கழனியில் நெல் அறுத்தவன் என்று ஒருவன் கிடையாது. அந்த ஒருவன் நானாக இருக்க வேண்டும். ஏரித் தண்ணீர் ஊர்க்காரர்கள் கையில் இருக்கிறது. பெரிய வீட்டு வரதராஜன் சாமியைப் பகைத்துக்கொண்டு காலனிக்காரன் எவனாவது பயிர் வைத்திருக்கிறானா? நீ அவர் நிறுத்திய ஆளைத் தோற்கடித்திருக்கிறாய்.

இனி ஆனது ஆயிற்று. ஒரு தடவை திருமலைக்குப் போய் வா. பெருமாளிடம் நான் சொன்னதாகக் கேள்: போர்க் கிணற்றில் தண்ணீர் வர வேண்டும், எனக்கு விசா நீள வேண்டும், பிரியங்கா நன்றாகப் படிக்க வேண்டும், ஊர்க்காரர்கள் கோபம் தணிய வேண்டும். முறையாகக் கேள். உன் வீம்பை அடிவாரத்திலேயே விட்டுவிட்டு மலை ஏறு.

தேவேந்திரன்

*

பொன்னங்கண்டிகை காலனி
நகரி வழி, சித்தூர் மாவட்டம்
19 மே 1995

பிரியங்கா நைனாவுக்குத் தாட்சாயணி எழுதுவது.

உங்களிடம் சொல்லாமல் நின்றது உண்மை. சொல்லியிருந்தால் வேண்டாம் என்று எழுதியிருப்பீர்கள். அந்தக் கடிதம் வந்து சேர்வதற்குள் நாமினேஷன் தேதி முடிந்திருக்கும். எப்படிப் பார்த்தாலும் நான் உங்கள் பேச்சை மீறியவளாகத்தான் ஆகியிருப்பேன். ஒரு கடிதம் மிச்சம்.

இந்த முறை நம் பஞ்சாயத்து, நம் ஜனத்துப் பெண்களுக்கு என்று ஒதுக்கப்பட்டது. வரதராஜன் ஐயா தன் மாட்டுக்காரன் பெண்டாட்டியை நிறுத்தினார். பாவம், கை நாட்டு வைக்கச் சொன்ன இடத்தில் வைக்கிறவள். அப்போது நடவுக் கழனியில் நம் தெருக் காஞ்சனா என் கையிலிருந்த நாற்று முடியைப் பிடுங்கிக்கொண்டு சொன்னாள்: "நீ பத்தாவது பட்ச்சவ. ஆபீசருங்க கிட்ட தெலுங்குல பேசுறவ. நீ நிக்காம வேற எவ நிப்பா? அந்தப் பொண்ணு ஜெயிச்சா நம்ம தெருவுக்குத் தண்ணிக் கொயா வரும்னு நெனைக்கிறியா?" சுற்றி நின்றவர்கள் யாரும் நடவைத் தொடரவில்லை. என் பதிலுக்காக இடுப்பில் கை வைத்து நின்றார்கள். நான் நிற்கிறேன் என்று சொன்ன பிறகுதான் குனிந்தார்கள்.

நீங்கள் அவரை 'வரதராஜன் சாமி' என்று எழுதியிருக்கிறீர்கள். நான் 'ஐயா' என்கிறேன். அதற்கு மேல் என் வாயிலிருந்து வராது. மனுஷனைச் சாமி என்று கூப்பிட்டே வளர்ந்ததால்தான் நிஜமான சாமியிடம் எனக்குப் பேச வராமல் போய்விட்டதோ என்னவோ.

அதனால்தான் திருமலைக்கு நான் போகப்போவதில்லை. கோபப்படாதீர்கள். என் அம்மா ஊர்த் தெருவில் ஒவ்வொரு வீட்டுக் கொல்லைப்புறத்திலும் முந்தானையை ஏந்தி நிற்பாள். நான் அவள் புடவையைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். ஒரு நாள் நாய்க்குப் போட்ட மிச்சத்தை எங்களுக்குப் போட்டார்கள். இல்லை, எங்களுக்குப் போட்ட மிச்சத்தை நாய்க்குப் போட்டார்களோ? எது முன்னால் என்று தெரியவில்லை. அன்றைக்கே இனி யார் முன்னாலும் கையேந்துவதில்லை என்று முடிவு செய்தேன். பசித்தால் வேலை செய்தேன். வேலை இல்லையென்றால் பசித்தேன். சாமியும் பெரிய வீட்டுக்காரர்தான். அவர் வாசலில் போய் அது கொடு இது கொடு என்று நிற்க எனக்குக் கை எழவில்லை. உங்களுக்கு அது இயல்பாக வருகிறது. நீங்களே அங்கிருந்து கேளுங்கள். அவருக்குக் கேட்கும்.

பிரியங்கா இரண்டாம் வகுப்புக்குப் போகிறாள். பஞ்சாயத்து ஆபீசில் என் நாற்காலிக்கு ஒரு கை இல்லை. அதில்தான் உட்காருகிறேன்.

தாட்சாயணி

*

வஃப்ரா, குவைத்
20 அக்டோபர் 1996

தாட்சாயணிக்கு,

புருஷோத்தமன் அனுப்பிய கலர் போட்டோ கிடைத்தது. நம் கழனியில் நெல் முழங்கால் உயரத்துக்கு நிற்கிறது! போட்டோவை எங்கள் அறையில் எல்லோரும் கைமாற்றிப் பார்த்தார்கள். கடப்பாக்காரர்கள், ராஜம்பேட்டைக்காரர்கள் எல்லோரும் நிலம் வைத்திருந்து விற்றுவிட்டு வந்தவர்கள். நிலம் இல்லாமல் வந்து நிலம் சேர்த்தவன் நான் ஒருவன்தான். புத்தூர் வேணு, "மாமா, இது உன் நெலம்தானா, இல்ல யாரு நெலத்துலயாவது நின்னு எட்த்ததா?" என்று கேட்டான். பட்டா நம்பரைச் சொன்னேன். வாயை மூடிக்கொண்டான்.

போட்டோவைப் பெட்டியின் மூடிக்குள், பெருமாள் படத்துக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறேன். தினமும் காலையில் மூடியைத் திறந்து இரண்டையும் சேர்த்துக் கும்பிடுகிறேன். அறுவடை நல்லபடி முடிந்தால் முதல் மூட்டை அரிசியும் என் தலைமுடியும் மலைக்கு என்று வேண்டிக்கொண்டிருக்கிறேன்.

நீ சர்பஞ்ச் ஆனபோது நான் கோபமாக எழுதினேன். ஊர்க்காரர்கள் இரண்டு போகமாகத் தண்ணீரைத் தடுக்கவில்லை. நீ எப்படியோ சமாளிக்கிறாய். அப்படியே போ. அறுவடை வரைக்கும் யாரிடமும் எதற்கும் வம்புக்குப் போகாதே. கதிர் வீட்டுக்கு வரட்டும்.

தேவேந்திரன்

*

வஃப்ரா, குவைத்
15 டிசம்பர் 1996

தாட்சாயணிக்கு,

புருஷோத்தமன் போனில் அழுதான். என் தம்பி அழுது நான் கேட்டதில்லை.

ஏரி வழிகிற கலங்கல் சுவரை நீயே கடப்பாறையால் இடித்தாயாமே. தண்ணீர் முழுக்க நம் கழனி மேல் போயிற்றாம். நெல் மட்டும் போகவில்லை, மேல் மண்ணே போயிற்று, இடுப்பளவு மணல் கிடக்கிறது, வரப்பு எங்கே இருந்தது என்றுகூடத் தெரியவில்லை என்கிறான். வரதராஜன் சாமியின் நெல்லும் போயிற்றாம். அவர் சித்தூருக்குப் போய்க் கலெக்டர் ஆபீசில் உன்மேல் புகார் கொடுத்திருக்கிறாராம்.

யாரைக் கேட்டுச் செய்தாய்? மழை கொட்டினால் ஆபீசர்கள் வர மாட்டார்களா? ஏரி அவர்களுடையது, கலங்கல் அவர்களுடையது. அது உடைந்தால் பழி அவர்கள் மேல் போகும். நீ ஏன் கை வைத்தாய்? நான் நாலு வருஷம் வெயிலில் வெந்தது எதற்கு? அந்த இரண்டு ஏக்கருக்குத்தானே? அதை நீ ஒரு மத்தியானத்தில் மணலாக்கிவிட்டாய்.

பெட்டி மூடியை இப்போது திறப்பதில்லை. பெருமாளிடம் என்ன கேட்பது? காப்பாற்று என்று தினமும் கேட்டேன். அவர் காப்பாற்றினாலும் என் பெண்டாட்டி விடமாட்டாள் போல.

நீ உடனே ராஜினாமா எழுதிக் கொடு. வரதராஜன் சாமி வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேள். உனக்குக் கேட்கவே வராது என்று தெரியும். இந்த ஒரு முறை எனக்காகக் கேள்.

தேவேந்திரன்

*

பொன்னங்கண்டிகை காலனி
6 ஜனவரி 1997

பிரியங்கா நைனாவுக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். நடந்ததை முழுதாகச் சொல்கிறேன். அதற்குப் பிறகும் நான் ராஜினாமா செய்ய வேண்டும் என்று உங்களுக்குத் தோன்றினால் எழுதுங்கள். செய்ய மாட்டேன். ஆனாலும் எழுதுங்கள்.

தீபாவளிக்குப் பிறகு மழை விட்டு விட்டுப் பெய்தது. கார்த்திகை தீபத்துக்கு அப்புறம் விடவேயில்லை. ஏரி ததும்பிவிட்டது. மிச்சத் தண்ணீர் தானாக வழிந்து ஓடைக்குப் போகத்தான் கலங்கல் இருக்கிறது. போன வருஷம் தண்ணீர் பத்தவில்லை என்று ஊர்க்காரர்கள் அந்தக் கலங்கல் மேல் கல்லும் சிமெண்டும் வைத்து ஒரு முழம் உயர்த்தியது உங்களுக்குத் தெரியாது. அப்போதே வேண்டாம் என்றேன். சர்பஞ்ச் பேச்சை எழுதிக்கொண்டார்கள், கேட்கவில்லை.

அன்று காலையில் காலனிக்கு நேர் மேலே, பழைய பனைமரம் விழுந்த இடத்தில் கரையின் அடியில் நீர் கசிந்தது. முதலில் தெளிவாக வந்தது. பொழுது ஏற ஏறச் செம்மண் நிறமாக வர ஆரம்பித்தது. கரைக்குள்ளே மண் கரைகிறது என்று அர்த்தம். பிள்ளைகளையும் முடியாதவர்களையும் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினேன். ஆனால் கரை உடைந்தால் நம் அறுபது வீட்டோடு நிற்காது. அதற்குக் கீழே கீழ்க்கண்டிகை இருக்கிறது. அங்கே போகிற பாதை மூழ்கிவிட்டது. அவர்களுக்குச் சொல்லக்கூட வழியில்லை. அங்கே ஜனங்கள் கதவைச் சாத்திக்கொண்டு மழை நிற்கட்டும் என்று உட்கார்ந்திருந்தார்கள்.

போன் செத்துவிட்டது. நகரிக்கு இரண்டு பேரை அனுப்பினேன். ஆறு குறுக்கே போகிறது என்று திரும்பி வந்தார்கள். ஏரி மதகைப் பார்த்துக்கொள்கிற நீர்கட்டி ரங்கையாவைக் கேட்டேன். மதகை ஏற்கெனவே முழுக்கத் திறந்துவிட்டார், போதவில்லை. "கலங்கல ஒட்ச்சா கரை நிக்குமா?" என்றேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. "நிக்கலாம் தாயி, நிக்காமலும் பூடலாம். நான் சொல்ல மாட்டேன். நாளைக்கு எல்லாரும் ரங்கையா சொன்னான்னு சொல்லுவீங்க."

புருஷோத்தமன் ஓடி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டான். "அண்ணி, வேணா. ஒட்ச்சா மொதல்ல நம்ம கயனிதான் பூடும். அண்ணனுக்கு நான் இன்னா சொல்லுவேன்?" எனக்குத் தெரியாதா? ஓடை ஓரத்தில் முதல் நிலம் நம்முடையது. கதிர் பால் பிடித்திருந்தது. அதற்கு அடுத்தது வரதராஜன் ஐயாவுடையது. அவரும் அவர் ஆட்களும் தடியோடு கலங்கல் மேல் நின்றுகொண்டிருந்தார்கள். இந்தப் பக்கம் காலனிப் பெண்கள் மார்பில் அடித்துக்கொண்டு அழுதார்கள். எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள். எனக்கு மேலே பார்க்க ஒருவரும் இல்லை.

கரை முனையில் கங்கம்மா கல் இருக்கிறதே, அங்கே போனேன். தண்ணீர் அவள் மேடையைத் தொட்டுவிட்டது. மஞ்சள் கரைந்து ஏரியில் போய்க்கொண்டிருந்தது. அவள் முன்னால் நின்றேன். கும்பிடக்கூட எனக்குச் சரியாகத் தெரியவில்லை. ஈரப் புடவையைப் பிடித்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்காரியிடம் பேசுகிற மாதிரிதான் பேசினேன்.

"கங்கம்மா, எனக்குக் கேட்டுப் பயக்கம் இல்ல. மயைய நிறுத்துன்னு கேக்க வரல. என் கயனிய வுட்டுடுன்னும் கேக்க வரல. என்னால ஒண்டியா முடியல. அதான் வந்தேன். நான் செய்யறது தப்பா பூட்டா பயி பாவம் என் தலை மேல. நீ கூட நில்லு. அவ்ளோதான்."

கண்ணைத் திறந்தேன். ஒன்றும் நடக்கவில்லை. மழை அதே மழை. மின்னல் வெட்டவில்லை, பல்லி சொல்லவில்லை. யாரும் எனக்குப் பதில் சொல்லவில்லை. ஆனால் அம்மா முந்தானை ஏந்திய இடங்களில் எல்லாம் நான் உடம்பு குறுகி நின்றிருக்கிறேன். இங்கே குறுகவில்லை. முதுகு நிமிர்ந்தது. நான் இத்தனை வருஷம் நினைத்தது தப்பு. கும்பிடுவது கையேந்துவது இல்லை.

ரங்கையாவின் கடப்பாறையை எடுத்துக்கொண்டு கலங்கலுக்குப் போனேன்.

வரதராஜன் ஐயா குறுக்கே வந்தார். "யாரைக் கேட்டு வந்த? கை வெச்சின்னா பாரு."

"யாரையும் கேக்கல ஐயா. சர்பஞ்சா வந்துகீறேன்."

"என் நெல்லு பூடும்டி!"

"மொதல்ல என்னுது பூடும். அப்புறம்தான் உன்னுது. நின்னு பாரு. என்னுது போகலன்னா வந்து என் கைய ஒட்ச்சுடு."

அவரைத் தாண்டிப் போய் முதல் அடி போட்டேன். சிமெண்ட் பெயரவில்லை. இரண்டாவது அடியில் ஒரு கல் அசைந்தது. பிறகு பார்த்தால் என் பக்கத்தில் காஞ்சனா மண்வெட்டியோடு நிற்கிறாள். அவளுக்குப் பின்னால் நம் தெருப் பெண்கள் எல்லோரும். தடி பிடித்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். யாரும் தடியை ஓங்கவில்லை. வரதராஜன் ஐயா கரையிலேயே தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

உயர்த்தி வைத்த அடுக்கு பெயர்ந்ததும் தண்ணீர் யானை பிளிறுவது போலச் சத்தம் போட்டுக்கொண்டு போனது. நம் கழனியில் நுழைந்தது. நான் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. நீங்கள் உழைத்தது, யாராவது ஒருத்தர் நின்று பார்த்து அனுப்ப வேண்டும் என்று தோன்றியது. கடைசி வரப்பு போகிறவரைக்கும் நின்று பார்த்தேன்.

இருட்டுவதற்குள் ஏரி ஒரு முழம் இறங்கியது. கசிவு குறைந்து மறுபடி தெளிவாக வந்தது. கரை நின்றது. ஒரு உயிர் போகவில்லை, ஒரு ஆடு போகவில்லை. கீழ்க்கண்டிகையில் ஒரு பெண்ணுக்கு அன்றைக்குத்தான் பிரசவம். ஆண் குழந்தை. அவர்களுக்கு ஏரியில் என்ன நடந்தது என்றே மறுநாள்தான் தெரியும்.

மன்னிப்புக் கேட்கச் சொன்னீர்கள். உங்களிடம் வேண்டுமானால் கேட்கிறேன். நிலம் உங்கள் உழைப்பு, உங்களைக் கேட்காமல் கொடுத்தேன். வேறு யாரிடமும் கேட்க மாட்டேன்.

தாட்சாயணி

*

வஃப்ரா, குவைத்
9 பிப்ரவரி 1997

தாட்சாயணிக்கு,

உன் கடிதம் வந்தபோது மதியச் சாப்பாட்டு நேரம். படித்துவிட்டுச் சாப்பிடவில்லை. வேணு, "இன்னா மாமா, துன்னாம ஒக்காந்துகினு கீற?" என்றான். அவனிடம் கடிதத்தைக் கொடுத்தேன். அவன் சத்தமாகப் படித்தான். தெலுங்குக்காரர்களுக்கு நிறுத்தி நிறுத்தித் தெலுங்கில் சொன்னான். 'மொதல்ல என்னுது பூடும்' என்ற இடத்தில் ராஜம்பேட்டைக்காரர் ஒருவர் தட்டைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றுவிட்டார். ஐம்பது வயசுக்காரர், என்னோடு அதிகம் பேசாதவர். என் தோளில் கை வைத்தார். பிறகு தன் தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

நான் பெட்டியைத் திறந்தேன். எத்தனையோ நாளுக்குப் பிறகு. பெருமாளும் நெல்லும் அப்படியே இருந்தார்கள். தினமும் நான் அவரிடம் பேரம் பேசியிருக்கிறேன், இதைக் கொடுத்தால் அதைத் தருவேன் என்று. நிலம் போனதும் அவரிடம் பேச எனக்கு ஒன்றும் மிச்சம் இல்லாமல் போனது. வியாபாரம் முறிந்தவன் மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டேன். எல்லாம் போகிற நேரத்தில் நீ கங்கம்மாவிடம் போய் நின்றாய். எல்லாம் போன பிறகு நான் மூடியைச் சாத்தினேன். நம் இரண்டு பேரில் யாருக்குக் கும்பிடத் தெரியும் என்று இப்போது எனக்குச் சந்தேகமாக இருக்கிறது.

அன்று படத்தின் முன்னால் கொஞ்ச நேரம் சும்மா நின்றேன். ஒன்றும் கேட்கவில்லை. கண்ணில் நீர் வந்தது. அது நிலத்துக்காக இல்லை. இப்படி ஒருத்தி என் வீட்டில் இருக்கிறாளே என்பதற்காக.

இன்னொன்று சொல்கிறேன், கேள். இடுப்பளவு மணல் என்று தம்பி அழுதானே, இங்கே நான் நாலு வருஷமாகச் செய்கிற வேலை என்ன? மணலில் வெள்ளரியும் தக்காளியும் விளைய வைப்பதுதான். இங்கே மழையும் இல்லை, ஏரியும் இல்லை. இதிலேயே விளைகிறதென்றால் நம் ஓடை மணலில் விளையாதா? புருஷோத்தமனை மணலை அள்ளி விற்க விடாதே. நான் வருகிறேன்.

சித்தூரில் விசாரணைக்குக் கூப்பிட்டால் புது வாயல் புடவை கட்டிக்கொண்டு போ. கைகட்டி நிற்காதே. விசாரணை முடிந்ததும் முடிந்தால் மலைக்குப் போய் வா. எனக்காகக் கேட்க வேண்டியது இருக்கிறது. ஆகஸ்டில் எனக்கு லீவு கிடைக்க வேண்டும் என்று கேள். ஒன்றே ஒன்றுதான். பழக்கம் உடனே போகாது.

ராஜினாமா பற்றி எழுதச் சொன்னாய். எழுதுகிறேன்: செய்யாதே.

தேவேந்திரன்

*

பொன்னங்கண்டிகை காலனி
11 மே 1997

பிரியங்கா நைனாவுக்கு,

விசாரணை முடிந்தது. நான் இன்னும் சர்பஞ்ச்தான்.

சொல்லவில்லையே தவிர, இந்த மூன்று மாதம் சுலபமாகப் போகவில்லை. ஊர்த் தெருவில் யாரும் என்னோடு பேசவில்லை. நம் பெண்களை நடவுக்குக் கூப்பிடவில்லை. காஞ்சனா சித்தூர் பக்கம் மாம்பழக் கூழ் பேக்டரிக்கு வேலைக்குப் போய் வந்தாள். என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. தினமும் ஆபீசுக்குப் போகும்போது கங்கம்மாவிடம் நின்று அன்றைக்கு என்ன வேலை என்று சொல்லிவிட்டுப் போவேன். சில நாள் பேசவே தோன்றாது. சும்மா நின்றுவிட்டுப் போவேன்.

சித்தூரில் நீளமான அறை. நானும் காஞ்சனாவும் ஒரு பக்கம், வரதராஜன் ஐயாவும் நாலு பேரும் எதிர்ப்பக்கம். ஆபீசர் தெலுங்கில்தான் பேசினார். "எவரினி அடிகி கொட்டேரம்மா?" என்றார். யாரைக் கேட்டு உடைத்தீர்கள் என்று.

"எவரினீ அடகலேதண்டி," என்றேன். யாரையும் கேட்கவில்லை.

"எவரு கொட்டமன்னாரு?" யார் இடிக்கச் சொன்னது என்று கேட்டார்.

"நேனே. மொதட்டி தெப்ப நாதே." நானேதான், முதல் அடி என்னுடையது.

அவர் பேனாவை வைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். இப்படிப்பட்ட இடத்தில் எல்லோரும் இன்னொருவர் பெயரைச் சொல்வார்கள் போல. பிறகு வரதராஜன் ஐயா பக்கம் திரும்பி, கலங்கலை உடைக்காமல் இருந்திருந்தால் கரை நின்றிருக்குமா என்று கேட்டார்.

ஐயா பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவர் மாப்பிள்ளை அவர் முழங்கையை இடித்தான். நின்றிருக்கும் என்று சொன்னால் என் கதை முடிந்தது. அவர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு தமிழிலேயே சொன்னார்: "என் பயிர் போச்சுங்க. அது நெஜம். பர்மிசன் இல்லாம இவ ஒட்ச்சா, அதுவும் நெஜம். கரை நின்னிருக்குமான்னு கேட்டீங்கன்னா... நின்னிருக்காது. நான் அங்கயேதான் ஒக்காந்திருந்தேன். கண்ணால பாத்தேன். பொய் சொல்ல மாட்டேன்."

மாப்பிள்ளை தலையைக் குனிந்துகொண்டான். ஆபீசர் எழுத ஆரம்பித்தார். தகவல் கொடுக்காமல் செய்ததற்கு எனக்கு ஒரு எச்சரிக்கை. கலங்கலை உயர்த்தியதற்கு ஊராருக்கு ஒரு எச்சரிக்கை. மேல் நடவடிக்கை இல்லை.

வெளியே டீக்கடையில் அவரிடம் போய் நின்றேன். எனக்கு முன்னால் அவரே பேசினார். "ஒங்கூட நான் பேச மாட்டேன்." சொல்லிவிட்டு டீயைக் குடித்து முடித்தார். "அட்த்த நடவுக்கு ஆள் அனுப்பு. காஞ்சனாவையும் வரச் சொல்லு." டம்ளரை வைத்துவிட்டுப் போய்விட்டார். சொன்னால் சிரிப்பீர்கள், எனக்கு அவரைப் பார்த்துப் பெருமையாக இருந்தது. எதிரியாக இருந்தாலும் நம் ஊர் மனுஷர்.

காஞ்சனா, "இவ்ளோ தூரம் வந்தாச்சு, மலைக்குப் போலாம் வா" என்றாள். திருப்பதி பஸ் எதிரிலேயே நின்றது. ஏறிவிட்டோம். அடிவாரத்து அலிபிரியிலிருந்து படியேறி நடந்தோம். மேலே கூண்டு கூண்டாக அடைத்து வைத்தார்கள். எத்தனை நேரம் என்று தெரியவில்லை. குழந்தைகள் அழுதன. பக்கத்தில் ஒருத்தர் கேன்சர் ரிப்போர்ட்டைப் பிளாஸ்டிக் கவரில் நெஞ்சோடு வைத்திருந்தார். ஒரு பெண் விசா கிடைக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே வந்தாள். அவர்களைப் பார்க்கும்போது எனக்கு முன்பு இருந்த இளப்பம் இல்லை. அவரவர் கரை அவரவருக்கு உடைந்துகொண்டிருக்கிறது. எங்கே போய் நிற்பார்கள்?

உள்ளே போனதும் எல்லாக் கைகளும் மேலே போயின. கோவிந்தா கோவிந்தா என்று ஒரே சத்தம். என் முறை வந்தபோது பெருமாளை நேராகப் பார்த்தேன். வாயைத் திறந்தேன். வந்தது இவ்வளவுதான்: "தாட்சாயணி வந்துகீறேன். பொன்னங்கண்டிகை சர்பஞ்ச்." அதற்குள் "ஜருகண்டி, ஜருகண்டி" என்று தோளைத் தள்ளிவிட்டார்கள்.

வெளியே வந்த பிறகுதான் உங்கள் ஆகஸ்ட் லீவு ஞாபகம் வந்தது. கேட்கவில்லை. நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள், அல்லது லீவு போடுங்கள்.

லட்டு வாங்கிக்கொண்டு படியில் உட்கார்ந்திருந்தோம். பக்கத்தில் மொட்டை போட்ட ஒரு அம்மா, திருத்தணிக்காரி, பேச்சுக் கொடுத்தாள். "எதுக்கு வேண்டிக்கினு வந்த கண்ணு?"

"வேண்டிக்கல. பாக்கத்தான் வந்தேன்," என்றேன்.

"அந்தத் தள்ளுமுள்ளுல நல்லா பாத்தியா?"

"நானும் அவரும் பாத்துக்கினோம்," என்றேன்.

தாட்சாயணி